‘குங் ஷீ ஃபா ட்ஸாய்’ சொல்லத் தெரிந்த வாய்க்கு ‘சுப அலுத் அவுருத்தக்’ ஏன் வரவில்லை?



அன்பின் ஊர் உறவுகளே, இது கொஞ்சம் நீண்ட பதிவு. முழுவதையும் வாசித்த பிறகு திட்டுவதென்றால் திட்டுங்கள். தலைப்பை மட்டும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து குழுமங்களில் போட்டுவிட்டு, "சேர் சீனாக்காரன் பக்கம் போய்விட்டார்" என்று வொய்ஸ் அனுப்ப வேண்டாம்.

விடயம் இதுதான். பெப்ரவரி 17 சீனப் புத்தாண்டு. நமது பகுதியில் ஒரு பாடசாலையில் தரம் 8 பிள்ளைகள் சில வாழ்த்து அட்டைகள் செய்தார்கள். ஒரு பக்கம் சீன எழுத்து. மறுபக்கம் அதன் கருத்து தமிழிலும் சிங்களத்திலும். பிறமொழிகளை அறிமுகப்படுத்தும் ஒரு சாதாரண வகுப்பறை வேலை. படம் முகநூலுக்கு வந்தது. அன்று இஷாவுக்கு முன்பே நமது ஊர் வாட்ஸ்அப் குழுமங்களுக்கும் வந்துவிட்டது. "முஸ்லிம் பிள்ளைகளுக்குக் காபிர்களின் பெருநாளைப் பழக்குகிறார்கள்." "ரமழான் வாசலில் நிற்கும்போது சீனாக்காரனுக்கு வாழ்த்தா?" "உய்குர் சகோதரர்களை வதைப்பவனுக்கு மாலை போடுகிறார்கள்." அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த 13 வயதுப் பிள்ளையின் முகத்தைச் சுற்றி சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினார்கள். அந்தப் பிள்ளை இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை.

இதே கிழமை, இதே குழுமங்களில், இன்னொரு வகைப் படங்களும் வந்தன. சிவப்பும் தங்கமும் கலந்த பின்னணி, தொங்கும் விளக்குகள், நடுவில் பெரிதாக ‘குங் ஷீ ஃபா ட்ஸாய்’, கீழே கல் வியாபார நிறுவனத்தின் பெயரும் வாட்ஸ்அப் இலக்கமும். சீனாவிலிருந்து வரும் மாணிக்கக்கல் வாங்குநர்களுக்கு நம்மவர்கள் அனுப்பிய வாழ்த்துகள். அவற்றுக்கு ஒருவரும் ஹராம் சொல்லவில்லை. ‘மாஷா அல்லாஹ், அழகான டிசைன்’ என்று கருத்துப் போட்டவர்களில் இருவர், பிள்ளையின் அட்டைக்கு எதிராக வொய்ஸ் அனுப்பியவர்கள்.

காசு வரும் இடத்துக்குப் போனால் அது வியாபாரத் தந்திரம். பிள்ளை படிப்பதற்காக எழுதினால் அது ஈமானுக்கு ஆபத்து. இந்தக் கணக்கு நமக்கு விளங்கவில்லை. ஆகவே எழுதுகிறோம்.

முதலில், அந்த வார்த்தைகளின் கருத்து என்ன?

எதிர்ப்பவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்டுப் பார்த்தார்கள்? பிள்ளைகள் எழுதியது நான்கு வாழ்த்துகள்.

‘ஷின் நியென் குவாய் லெ’ என்றால் புத்தாண்டு மகிழ்ச்சியாக அமையட்டும். ‘ஷென் தி ஜியென் காங்’ என்றால் உடல் நலமாக இருக்கட்டும். ‘வான் ஷி ரூ யீ’ என்பதற்குச் சொல்லுக்குச் சொல் பொருள், பத்தாயிரம் காரியங்களும் நினைத்தபடி நடக்கட்டும் என்பது. பத்தாயிரம் என்பது அவர்கள் வழக்கில் ‘எல்லாம்’ என்பதற்குச் சமம். ‘நியென் நியென் யோ யூ’ என்றால் வருடா வருடம் மிச்சம் இருக்கட்டும். மிச்சம் என்பதற்கும் மீன் என்பதற்கும் அவர்கள் மொழியில் ஒரே ஓசை, ‘யூ’. அதனால்தான் புத்தாண்டு இரவுச் சாப்பாட்டில் ஒரு முழு மீன் வைப்பார்கள். பல வீடுகளில் அதை முழுதாகச் சாப்பிட்டு முடிக்காமல் கொஞ்சம் மீதி வைப்பார்கள்.

நமது கல் வியாபாரிகளுக்குப் பிடித்த ‘குங் ஷீ ஃபா ட்ஸாய்’ பிள்ளைகளின் அட்டையில் இல்லை. அதன் கருத்து, வாழ்த்துகள், செல்வம் பெருகட்டும் என்பது. தென்சீனாவின் கன்டொனீஸ் பேசுபவர்கள் அதையே ‘குங் ஹேய் ஃபாட் சோய்’ என்பார்கள். அதிலும் ஷிர்க் எதுவும் இல்லை. ஆனால் இருப்பதில் நலத்தையும் நிம்மதியையும் கேட்கும் வாழ்த்துகளைப் பிள்ளைகள் எழுதினார்கள், பணத்தைக் கேட்கும் வாழ்த்தைப் பெரியவர்கள் அனுப்பினார்கள். யாருடைய தெரிவு அழகானது என்பதை நீங்களே சொல்லுங்கள். நமது வீடுகளிலும் ஒருவரை ஒருவர் சந்தித்தால் முதலில் கேட்பது ஸுகமா என்றுதானே?

சீனப் புத்தாண்டோடு வணக்கச் சடங்குகள் சேர்ந்திருப்பது உண்மை. மூதாதையருக்குச் சாம்பிராணிக் குச்சி ஏற்றுவார்கள். கோயில்களுக்குப் போவார்கள். அடுப்படித் தெய்வத்துக்குப் படையல் வைக்கும் வழக்கமும் உண்டு. இவற்றில் ஒரு முஸ்லிமுக்குப் பங்கில்லை. அந்தப் பாடசாலையில் இவை எதுவும் நடக்கவும் இல்லை. அதே பண்டிகையில் வேறு பாதியும் இருக்கிறது. நகரத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் கோடிக்கணக்கானவர்கள் வருடத்தில் ஒரு தடவை ஊருக்குத் திரும்பி உம்மா வாப்பாவோடு ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். பெரியவர்கள் பிள்ளைகளுக்கு ‘ஹொங் பாவ்’ என்ற சிவப்பு உறையில் காசு கொடுப்பார்கள். உறவினர் வீடுகளுக்கு நடந்து போய் வாழ்த்துச் சொல்வார்கள். நோன்புப் பெருநாள் காலையில் நமது பிள்ளைகள் பெருநாள் காசுக்காக வீடு வீடாக ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சீனர்களின் பண்டிகை நாட்காட்டியும் பிறையோடுதான் ஓடுகிறது. அமாவாசை விழும் நாளைக் கணக்கிட்டு அவர்கள் மாதத்தை ஆரம்பிக்கிறார்கள். நாம் அதன் பிறகு பிறை கண்டு ஆரம்பிக்கிறோம். ஆகவே அவர்களின் மாதம் நமது மாதத்துக்கு ஓரிரு நாள் முன்னால் பிறக்கிறது. இம்முறை அவர்களின் புத்தாண்டும் நமது ரமழானும் அடுத்தடுத்து வந்ததற்குக் காரணம் அதுதான். அவர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரு மாதத்தைக் கூட்டிப் பருவகாலத்தோடு சேர்த்து வைப்பதால் அவர்களின் புத்தாண்டு எப்போதும் ஜனவரி 21க்கும் பெப்ரவரி 20க்கும் இடையில் நிற்கும். நமக்கு அப்படிக் கூட்ட அனுமதியில்லை. அதனால் ரமழான் எல்லாப் பருவத்தையும் சுற்றி வருகிறது. ‘ரமழான் வாசலில்’ என்று கோபப்பட்டவர்கள் இதையே பிள்ளைகளுக்கு ஒரு பாடமாகச் சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது, மார்க்கம்.

ஃபத்வா சொல்லும் இடத்தில் நாம் இல்லை. அது உலமாக்களின் பொறுப்பு. ஆனால் உலமாக்களிடையே இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது என்பதை மறைத்துவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் பிள்ளைகளின் தலையில் அடிப்பது நேர்மையில்லை. பிற மதத்தவரின் மதச் சடங்குகளுக்கே உரிய வாழ்த்தைச் சொல்லக்கூடாது என்று இப்னுல் கையிம் (ரஹ்) போன்றவர்கள் கடுமையாகச் சொல்லியிருக்கிறார்கள். நம்மோடு நல்லுறவில் வாழ்பவர்களுக்கு அவர்களின் பண்டிகையில் வாழ்த்துச் சொல்வது நன்மை செய்வதில் அடங்கும் என்று யூஸுஃப் அல்-கர்ளாவி (ரஹ்) போன்ற நமது காலத்து அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் ஆதாரமாக எடுப்பது ஸூறா மும்தஹினாவின் 8ஆம் வசனம். மார்க்க விடயத்தில் நம்மோடு போர் செய்யாத, நம்மை வீடுகளிலிருந்து விரட்டாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதியோடு நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்பது அதன் கருத்து. ஸூறா நிஸாவின் 86ஆம் வசனம், வாழ்த்துச் சொல்லப்பட்டால் அதைவிடச் சிறந்ததைச் சொல்லுங்கள், அல்லது அதையே திருப்பிச் சொல்லுங்கள் என்று படிப்பிக்கிறது.

முதல் கருத்தைப் பின்பற்றுபவரை நாம் மதிக்கிறோம். அவர் வாழ்த்தாமல் இருக்கட்டும். ஆனால் அவரும் ஒரு மொழியைப் படிப்பது ஹராம் என்று சொல்ல முடியாது. நபி (ஸல்) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்களிடம் யூதர்களின் எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள். அவர் குறுகிய நாட்களில் படித்தார். மொழிகள் வேறுபட்டிருப்பது அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் ஒன்று என்று ஸூறா ரூம் சொல்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. சீனா சென்றேனும் கல்வி தேடுங்கள் என்ற வாசகத்தை நமது பாடசாலைச் சுவர்களிலும் பரிசளிப்பு விழா மேடைகளிலும் காலம் காலமாக ஹதீஸ் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஹதீஸ்கலை அறிஞர்கள் அது பலவீனமானது, இட்டுக்கட்டப்பட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆதாரமில்லாத வாசகத்தை மேடையில் முழங்கியவர்களே, ஒரு பிள்ளை சீன மொழியில் நான்கு சொற்கள் எழுதியதும் எதிர்த்து நிற்கிறார்கள். நமக்கு அந்த வாசகம் தேவையில்லை. ஸைத் (ரழி) அவர்களின் சம்பவம் போதும்.

சீன மொழி என்றாலே காபிர் மொழி என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். சீனாவில் ஹுயி முஸ்லிம்கள் மட்டும் ஒரு கோடிக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களின் தாய்மொழி சீனம். ஸலாம் என்பதைத் தங்கள் நாவுக்கு ஏற்ப ‘ஸெலியாமு’ என்று சொல்பவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். ஹலால் உணவுக்கு ‘சிங் ஜென்’ என்பார்கள். தூய்மையும் உண்மையும் என்று பொருள். நோன்புப் பெருநாளுக்கு அவர்களின் பெயர் ‘காய் ஜாய் ஜியே’, நோன்பு திறக்கும் பெருநாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ‘கு அர் பாங் ஜியே’ என்றும் ஒரு பெயர் உண்டு. அது குர்பான் என்ற சொல்தான், சீன எழுத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. குவாங்சோவுக்கும் யிவூவுக்கும் சாமான் எடுக்கப் போகும் நமது வியாபாரிகள் ஜும்ஆ தொழுதது இந்த மக்களோடுதான். அங்கே போய் ‘காய் ஜாய் ஜியே குவாய் லெ’ என்று பெருநாள் வாழ்த்துச் சொல்லிப் பாருங்கள், எப்படிக் கட்டியணைப்பார்கள் என்று தெரியும். அந்தச் சொல்லில் உள்ள ‘குவாய் லெ’தான் அந்தப் பிள்ளையின் அட்டையிலும் இருந்தது.

மூன்றாவது, உய்குர் மக்கள்.

இதை நாம் இலேசாகக் கடந்து போகமாட்டோம். ஷின்ஜியாங்கில் நடப்பவற்றைப் பற்றி ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2022 ஓகஸ்ட் 31இல் அறிக்கை வெளியிட்டது. பெருந்தொகையாக மக்களைத் தடுத்து வைத்திருப்பது உட்பட அங்கு நடந்தவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த மக்களுக்காக நமது நெஞ்சும் வலிக்கிறது. துஆவில் அவர்களை மறக்கவும் கூடாது.

ஆனால் அந்த வேதனையை எங்கே இறக்குவது? அந்த அறிக்கையைப் பற்றி ஒரு விவாதம் நடத்தலாமா என்று 2022 ஒக்டோபரில் மனித உரிமைப் பேரவையில் வாக்கெடுப்பு நடந்தது. 17 நாடுகள் ஆதரித்தன, 19 எதிர்த்தன, 11 விலகி நின்றன. எதிர்த்த 19இல் பாகிஸ்தான் இருந்தது. இந்தோனேசியா இருந்தது. கட்டாரும் ஐக்கிய அரபு அமீரகமும் இருந்தன. விவாதம் கூட வேண்டாம் என்று கை உயர்த்தியவை நாம் தலையில் தூக்கி வைத்திருக்கும் முஸ்லிம் நாடுகள். அன்று இந்தக் குழுமங்களில் ஒரு வொய்ஸும் வரவில்லை. இன்று ஒரு தரம் 8 பிள்ளை அகப்பட்டதும் உய்குர் மக்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

அரசாங்கம் வேறு, மக்கள் வேறு. இலங்கை அரசாங்கங்கள் செய்தவற்றுக்கு நமது அயல் வீட்டுச் சிங்களவரைக் குற்றவாளியாக்கினால் அது அநியாயம். 2019 ஏப்ரலில் சிலர் செய்த பாவத்துக்கு நமது சமூகம் முழுவதையும் குற்றவாளியாக்கினார்கள். அது எவ்வளவு வலித்தது என்று நமக்குத் தெரியும். அந்த வலியைச் சுமந்த நாம், ஒரு நாட்டு மக்களுக்கு உடல் நலம் வேண்டி எழுதிய நான்கு சொற்களை அந்நாட்டு அரசின் குற்றத்தோடு கட்டலாமா?

நான்காவது, வரலாறு.

கொழும்பு தேசிய நூதனசாலையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனக் கடற்படைத் தளபதி ஜெங் ஹே கொண்டுவந்து நாட்டியது. அதில் உள்ள காலம் 1409. ஒரே கல்லில் மூன்று மொழிகள். சீன மொழியில் புத்தருக்கு மரியாதை. தமிழில் தெவிநுவரையில் இருந்த தென்னாவரை நாயனாருக்கு மரியாதை. பாரசீகத்தில் இஸ்லாத்துக்குரிய வார்த்தைகள். பொன் 1000, வெள்ளி 5000 என்று காணிக்கைப் பட்டியலும் உண்டு. அந்த ஜெங் ஹே யார்? யுன்னானில் பிறந்த முஸ்லிம். அவருடைய தந்தை ஹஜ் செய்தவர் என்ற பெயரோடு அறியப்பட்டவர்.

இலங்கைக்கு வந்த சீனர்கள் ஒவ்வொரு சமூகத்தோடும் அவரவர் மொழியில் பேச வேண்டும் என்று 600 வருடங்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். அந்தக் கல்லில் சிங்களம் இல்லை என்பதும் நாம் யோசிக்க வேண்டிய விடயம். ஆனால் தமிழ் இருந்தது. 2021இல் என்ன நடந்தது? கொழும்புத் துறைமுக நகரத்தில் ஒரு பெயர்ப்பலகையில் சிங்களம், ஆங்கிலம், சீனம் இருந்தன. தமிழ் இல்லை. சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியோடு திறந்த நூலகத்தின் பெயர்ப்பலகையிலும் அதே கதை. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. சரியான கண்டனம். தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழி.

நமது மொழியை அவர்கள் விட்டுவிட்டார்கள் என்று கோபப்பட்ட நாம், அவர்களின் மொழியில் ஒரு பிள்ளை எழுதினால் கிழித்து எறியச் சொல்வது எந்த நியாயம்? தமிழை விட்டதைத் தட்டிக்கேட்க வேண்டும். சீனத்தையும் படிக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளால் முடியும்.

அதேவேளை, அந்தக் கல்வெட்டின் மிச்சக் கதையையும் மறக்க வேண்டாம். மூன்று மொழியில் மரியாதை சொன்ன அதே ஜெங் ஹே 1411இல் இங்கு போரிட்டு வீர அழகேஸ்வரனைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். இனிப்பான சொல் வந்தால் கூடவே நல்ல நோக்கமும் வரும் என்று கட்டாயமில்லை. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 வருடக் குத்தகைக்குப் போன நாட்டில் இருந்துகொண்டு இதை மறக்கவும் முடியாது. அதனால்தான் சொல்கிறோம், மொழி தெரிந்த பிள்ளைகள் வேண்டும். வாழ்த்து அட்டையையும் வாசிக்கத் தெரிய வேண்டும், ஒப்பந்தத்தையும் வாசிக்கத் தெரிய வேண்டும். உயர்தரத்தில் சீன மொழி ஒரு பாடம். களனிப் பல்கலைக்கழகத்தில் கற்கும் வசதி இருக்கிறது. நமது பிள்ளைகள் எத்தனை பேர் அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள்?

ஐந்தாவது. இதுதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது.

இந்த நாட்டில் சீனர்கள் நேற்று வந்தவர்கள் அல்ல. நமது தாத்தாமார் காலத்தில் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராக வந்தார்கள். சிறு நகரங்களில் பல் வைத்திய நிலையம் வைத்திருந்தார்கள். நமது ஆட்களுக்குப் பொய்ப்பல் கட்டிக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தச் சீனப் பல் வைத்தியருக்கு இந்தச் சமூகத்தில் யாராவது அவருடைய மொழியில் ஒரு புத்தாண்டு வாழ்த்துச் சொன்னதுண்டா? அவருக்கு எப்போது புத்தாண்டு என்று யாருக்காவது தெரிந்திருந்ததா? பெயரிலேயே சீனன் இருக்கும் சீனங்கோட்டை நமக்குப் பக்கத்தில். ஆனால் சீன வாழ்த்து நமது ஊருக்கு வந்தது, கல் வாங்கக் காசோடு சீனர்கள் வந்த பிறகுதான். அதற்கு முன்னர் சீனப் புத்தாண்டு என்றால் நமது கடைக்காரர்களுக்கு ஒரே கருத்து: தொழிற்சாலைகள் பூட்டு, கன்டெய்னர் தாமதம்.

காசுக்காக மொழி கற்பது பாவமில்லை. வியாபாரத்தில் வாடிக்கையாளரை மதிப்பது நல்ல பண்பு. நமது கேள்வி வேறு. காசு உள்ளவனின் பண்டிகை மட்டும் ஏன் நமது நாட்காட்டியில் ஏறுகிறது?

ஏப்ரலில் சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு வரும். அயல் வீட்டு அம்மே பாற்சோறும் கவுமும் கொக்கிஸும் தட்டில் வைத்து மூடி, வேலிக்கு மேலால் நீட்டுவார். வாங்கிக்கொள்கிறோம். அவருக்கு ‘சுப அலுத் அவுருத்தக் வேவா’ என்று வாய் திறந்து சொல்பவர் நம்மில் எத்தனை பேர்? தைப்பொங்கலுக்குத் தமிழ் ஆசிரியர் பொங்கல் கொண்டுவந்தால், ‘பொங்கல் வாழ்த்துகள் டீச்சர்’ என்பதற்கு வாய் வருவதில்லை. நமது தாய்மொழியில் சொல்ல வேண்டிய வாழ்த்து! ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருப்பவனுக்கு நாக்கைச் சுழற்றி ‘ட்ஸாய்’ என்று சொல்லத் தெரிகிறது.

இது சின்ன விடயம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2014 ஜூனில் அளுத்கமவிலும் தர்ஹா நகரிலும் பேருவளையிலும் என்ன நடந்தது என்று நமக்கு நினைவிருக்கிறது. வாழ்த்துச் சொல்லியிருந்தால் அது நடந்திருக்காது என்று சொல்லும் அளவுக்கு நாம் அப்பாவிகள் அல்ல. அதைச் செய்தவர்கள் வேறு, அதன் பின்னால் இருந்தவர்கள் வேறு. ஆனாலும் அதன் பிறகு இந்த ஊரில் மதில்கள் உயர்ந்தன. அயலவரின் பிள்ளையின் பெயர் தெரியாத ஒரு தலைமுறை வளர்கிறது. பாடசாலைகள் பிரிந்திருக்கின்றன. விளையாட்டு மைதானங்கள் பிரிந்திருக்கின்றன. வருடத்தில் ஓரிரு தடவை வேலிக்கு மேலால் போய் வரும் தட்டும், அதோடு போகும் ஒரு சொல்லும்தான் மிச்சமிருக்கும் பாதை. அந்தப் பாதையில் ஹராம் பலகை நடுகிறவர்கள், சீன வாங்குநருக்கு மட்டும் பக்கவாட்டில் ஒரு கதவு திறந்து வைத்திருக்கிறார்கள்.

‘வாழ்த்துச் சொல்லக்கூடாது’ என்பது உங்கள் நிலைப்பாடு என்றால் எல்லோருக்கும் அதையே கடைப்பிடியுங்கள். கல் வாங்க வருபவனுக்கும் சொல்லாதீர்கள். அந்த நேர்மையை மதிப்போம். ‘சொல்லலாம்’ என்றால் காசில்லாத அயலவனுக்கும் சொல்லுங்கள்.

சொல்வதென்றால் ஒழுங்காகச் சொல்வோம்

வாழ்த்த விரும்புபவர்களுக்குச் சில குறிப்புகள். ஆசிரியர் தொழில், விட மனம் வரவில்லை.

1. சீனத்தில் சொல்லின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருள் மாறும். ‘மாய்’ என்பதைத் தாழ்த்தி எழுப்பினால் வாங்குவது, மேலிருந்து வெட்டி இறக்கினால் விற்பது. கல் வியாபாரிகள் இதையாவது பழகிக்கொள்ளுங்கள். வாழ்த்தையும் யாரிடமாவது கேட்டுப் பழகிச் சொல்லுங்கள்.

2. இணையத்தில் கிடைக்கும் படத்தை அப்படியே அனுப்பாதீர்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கோயில் படமும் தெய்வ உருவமும் உள்ள அட்டையை ஒரு முஸ்லிம் அனுப்பத் தேவையில்லை. வெறும் எழுத்து போதும்.

3. ‘ஃபூ’ என்ற எழுத்து தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தால் அதைத் திருத்தப் போகாதீர்கள். பேறு, நல்வாழ்வு என்று அதற்குப் பொருள். தலைகீழ் என்பதற்கும் வந்து சேர்ந்தது என்பதற்கும் ‘தாவ்’ என்ற ஒரே ஓசை இருப்பதால் வேண்டுமென்றே அப்படி ஒட்டுவார்கள்.

4. அன்பளிப்பாக மணிக்கூடு கொடுக்காதீர்கள். ‘ஸுங் ஜுங்’, மணிக்கூடு கொடுப்பது என்ற சொல், இறுதிக் கிரியை செய்வது என்ற சொல்லைப் போலவே ஒலிக்கும். வெள்ளை உறையில் காசும் வேண்டாம். அது மரண வீட்டுக்குரியது. எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுங்கள்.

5. எல்லாச் சீனரும் ஒரே மாதிரி அல்ல. உங்களுடன் வியாபாரம் செய்பவர் ஒரு ஹுயி முஸ்லிமாகக் கூட இருக்கலாம். அவருக்கு முதலில் ஸலாம் சொல்லுங்கள். வரும் பெருநாளைக்கு ‘காய் ஜாய் ஜியே குவாய் லெ’ சொல்லுங்கள்.

மலேசியாவைப் பாருங்கள். 1990களின் பிற்பகுதியில் நோன்புப் பெருநாளும் சீனப் புத்தாண்டும் அடுத்தடுத்து வந்தபோது ‘கொங்ஸி ராயா’ என்று ஒரு சொல்லையே உண்டாக்கினார்கள். ‘குங் ஷீ’ என்ற சீன வாழ்த்தும் ராயா என்ற மலாய்ச் சொல்லும் சேர்ந்தது. மலாயில் ‘கொங்ஸி’ என்றால் பகிர்தல் என்றும் பொருள். வீட்டுக் கதவைத் திறந்து வைத்து ஒருவரை ஒருவர் சாப்பிட அழைக்கும் வழக்கம் அங்கு இன்றும் இருக்கிறது. அங்குள்ள முஸ்லிம்களின் தொழுகையும் நோன்பும் அதனால் குறைந்துவிடவில்லை.

கடைசியாக, மூன்று வேண்டுகோள்கள்.

குழும நிர்வாகிகளுக்கு: பிள்ளையின் முகத்தைச் சுற்றி வட்டம் போட்ட அந்தப் படத்தை அழியுங்கள். மார்க்கத்தில் சந்தேகம் இருந்தால் பாடசாலைக்கு வந்து அதிபரிடம் கேளுங்கள், அல்லது உலமாக்களை அழைத்து வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம். ஒரு சிறுபிள்ளையின் மானத்தை வைத்து மார்க்கம் வளர்க்க முடியாது.

பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கு: அயலவரோடு பழகும் ஒழுங்குகள் பற்றி இந்த ரமழானில் ஒரு குத்பாவாவது ஏற்பாடு செய்யுங்கள். எது கூடும், எது கூடாது, எங்கே கருத்து வேறுபாடு என்று தெளிவாகச் சொல்லட்டும். மக்கள் வொய்ஸ் மெசேஜில் மார்க்கம் படிக்கும் நிலை மாற வேண்டும்.

நம் எல்லோருக்கும்: நோன்புப் பெருநாளைக்கு அயல் வீட்டுக்கு வட்டிலப்பம் அனுப்பும்போது பிள்ளையின் கையில் மட்டும் கொடுத்து அனுப்பாமல் நாமும் ஒரு தடவை படியேறிப் போவோம். பிறகு ஏப்ரல் 14 வரும். அன்று அவர்களின் தட்டு வரும்போது, வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பாமல், அவர்களின் மொழியில் ஒரு வார்த்தை சொல்வோம். பணம் தராத, கல் வாங்காத, பக்கத்தில் மட்டும் இருக்கும் மனிதர்களுக்கு.

அல்லாஹ் நமது ரமழானைக் கபூலாக்கி வைப்பானாக. நமது பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் நமது நாவுகளுக்கு நல்ல சொற்களையும் தருவானாக. ஆமீன்.

(பகிர விரும்புபவர்கள் முழுப் பதிவையும் பகிருங்கள். கருத்து வேறுபாடு உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். பிள்ளைகளின் பெயரையோ பாடசாலையின் பெயரையோ எழுதும் கருத்துகள் நீக்கப்படும்.)